சோறு கூடினால் ஆளும் கூடும்: மால்தஸ் பொறியைப் புரிந்துகொள்வோம்

நேரா ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம்.

1450-ல் இங்கிலாந்தில் கட்டட வேலைக்குப் போன ஒரு சித்தாளை நினைச்சுக்கோங்க. 1600-ல் அதே ஊர்ல அதே வேலைக்குப் போன அவரோட வம்சத்துப் பேரனையும் நினைச்சுக்கோங்க. ரெண்டு பேர்ல யார் நல்லா சாப்பிட்டிருப்பாங்க?

நடுவுல 150 வருஷம் ஓடியிருக்கு. அச்சு இயந்திரம் வந்தாச்சு. அமெரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் கடல்வழி கண்டுபிடிச்சாச்சு. லண்டன்ல ஷேக்ஸ்பியர் நாடகம் போட்டுட்டு இருக்கார். அப்போ பேரன்தானே வசதியா இருந்திருக்கணும்? இல்லைங்க. தாத்தா ஒரு நாள் கூலியில வாங்கின சாப்பாட்டுல ஏறத்தாழ பாதியைத்தான் பேரனால வாங்க முடிஞ்சது.

அறிவு வளர்ந்திருக்கு, வியாபாரம் வளர்ந்திருக்கு, தட்டுல மட்டும் சோறு குறைஞ்சிருக்கு. காரணத்தைத் தேடினா முதல்ல கண்ணுல படுறது ஜனத்தொகை. 1450 வாக்கில் சுமார் 20 லட்சமா இருந்த இங்கிலாந்து, 1600-ல் 40 லட்சத்தைத் தாண்டிடுச்சு. இது ரெண்டுக்கும் என்ன தொடர்பு? தொழிற்புரட்சிக்கு முன்னாடி உலகத்துல பெரும்பாலான இடங்கள்ல இதே தொடர்பு எப்படி வேலை செஞ்சது? அது எப்போ அறுந்துச்சு? அறுந்த பிறகும் அது இருக்குன்னு நம்பினவங்களால நம்ம ஊர்ல என்ன ஆச்சு? இதைத்தான் பார்க்கப் போறோம்.

நிலம் நீளாது

சும்மா ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு கிராமத்துல 10 ஏக்கர் நிலம் இருக்கு. ரெண்டு பேர் உழுதா 20 மூட்டை நெல். நாலு பேர் உழுதா 32 மூட்டை. எட்டு பேருக்கு 44, பன்னிரண்டு பேருக்கு 48.

மொத்த விளைச்சல் ஏறிக்கிட்டேதான் இருக்கு. ஆனா தலைக்கு எவ்வளவுன்னு வகுத்துப் பாருங்க: 10, 8, 5.5, 4. புதுசா வர்ற ஒவ்வொரு ஆளும் கொஞ்சம் விளைச்சலைக் கூட்டுறார். ஆனா முன்னாடி வந்தவர் கூட்டின அளவுக்கு இல்ல. ஏன்னா வேலை பார்க்கிற கை கூடுது, நிலம் கூடல. பொருளாதாரத்துல இதுக்குப் பேர் குறைந்துசெல் விளைவு விதி. தாமதமாகிற ப்ராஜெக்ட்ல கடைசி வாரம் இன்னும் நாலு பேரைச் சேர்த்துப் பாருங்க, விதி தானா புரியும்.

இன்னிக்கு நம்ம வருமானத்துல நிலத்தோட பங்கு கம்மி. ஆனா அன்னிக்கு நிலைமை வேற. உணவு மட்டும் இல்ல, துணிக்கான கம்பளியும் பருத்தியும் நிலத்துல இருந்துதான் வரணும். அடுப்புக்கு விறகு, வீட்டுக்கு மரம், உழுற மாட்டுக்கும் குதிரைக்கும் தீனி, எல்லாமே நிலம்தான். இன்ஜினியரிங் மொழியில சொன்னா, அந்த வருஷம் செடி கொடிகள் பிடிச்சு வெச்ச சூரிய ஒளிதான் அந்த நாட்டோட மொத்த எனர்ஜி பட்ஜெட். விறகுக்குக் காடு வளர்த்தா அங்க கோதுமை விளையாது. ஆட்டை மேய விட்டா அங்க காடு இருக்காது.

இது ஒரு ஃபீட்பேக் லூப்

1798-ல் தாமஸ் ராபர்ட் மால்தஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் மக்கள்தொகை பத்தி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். முதல் பதிப்புல தன் பேரைக்கூடப் போடல. மக்கள்தொகை 1, 2, 4, 8-னு பெருக்கல் வரிசையில போகும். உணவு 1, 2, 3, 4-னு கூட்டல் வரிசையில போகும். இதுதான் அவர் பேர் சொன்னதும் எல்லாரும் சொல்ற வரி. ஆனா அவர் வாதத்தோட உயிர் அந்த எண் வரிசையில இல்ல, அதுக்கு அடியில இருக்கிற லூப்ல இருக்கு.

அந்த லூப்ல மூணு கண்ணிதான்:

1. தலைக்கு வருமானம் கூடினா, மக்கள் சீக்கிரம் கல்யாணம் பண்ணுவாங்க, பிறப்பு கூடும்.
2. வருமானம் கூடினா, சத்தான சாப்பாடு கிடைக்கும்; இறப்பு குறையும்.
3. ஜனத்தொகை கூடினா, நிலம் பத்தாம தலைக்கு வருமானம் குறையும்.

மூணையும் சேர்த்தா, கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் வகுப்புல படிச்ச நெகட்டிவ் ஃபீட்பேக் அப்படியே வந்து நிக்கும். பிறப்பும் இறப்பும் சமமாகிற ஒரு வருமானம் இருக்கும் பாருங்க, அதுதான் செட் பாயின்ட். அதுக்கு மேல போனா ஆள் கூடி வருமானம் இறங்கும். கீழ போனா ஆள் குறைஞ்சு வருமானம் ஏறும்.

இப்போ நம்ம 10 ஏக்கருக்குத் திரும்பி வாங்க. செட் பாயின்ட் தலைக்கு 8 மூட்டைன்னு வெச்சுக்குவோம். அப்போ அந்த ஊர்ல நிலையா இருக்கிறது நாலு பேர். ஒரு நாள் யாரோ நல்ல கலப்பையும் புது வாய்க்காலும் கொண்டு வர்றாங்க. விளைச்சல் ரெண்டு மடங்கு! நாலு பேருக்கு 64 மூட்டை, தலைக்கு 16. ஊரே கொண்டாட்டம். வீட்டுக்கு வீடு குழந்தை. ரெண்டு மூணு தலைமுறையில ஊர்ல எட்டு பேர், தலைக்கு 11. இன்னும் 8-க்கு மேலதான் இருக்கு, அதனால ஜனம் இன்னும் ஏறும். பன்னிரண்டு பேர் ஆனதும் மொத்தம் 96 மூட்டை. தலைக்கு எவ்வளவு? அதே 8.

டெக்னாலஜி ரெண்டு மடங்காச்சு, ஜனம் மூணு மடங்காச்சு, தட்டுல இருக்கிற சோறு பழைய அளவுக்கே வந்துடுச்சு. ஏ.சி.யை 24-ல வெச்சுட்டு ஜன்னலைத் திறந்தா, கம்ப்ரஸர் ஓட்டம் மாறுமே தவிர கொஞ்ச நேரத்துல அறை 24-க்கே திரும்பும் இல்லையா? அதே கதைதான். அந்தப் பொருளாதாரத்துல கண்டுபிடிப்பு என்பது திறந்த ஜன்னல் மாதிரி. செட் பாயின்ட்டை அது தொடல. இதுக்குத்தான் மால்தஸ் பொறின்னு பேர்.

இது வெறும் பேப்பர் மாடல் இல்ல. குவாம்ருல் அஷ்ரஃப், ஒடெட் கேலோர் ஆகிய ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வுல, கி.பி. 1, 1000, 1500 ஆகிய ஆண்டுகளுக்குப் பல நாடுகளை ஒப்பிட்டாங்க. தொழில்நுட்பத்திலும் நில வளத்திலும் முன்னணியில இருந்த நாடுகள்ல மக்கள் நெருக்கம் தெளிவா அதிகம். தலைக்கு வருமானத்துல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்ல. முன்னேற்றம் ஆட்களா மாறியிருக்கு, வசதியா மாறல.

பிளேக் நடத்திய கொடூரமான பரிசோதனை

ஒரு மாடலைச் சோதிக்கணும்னா ஒரு இன்புட்டை மட்டும் திடீர்னு மாத்தி அவுட்புட்டைப் பார்ப்போம். ஜனத்தொகையை வெச்சு எந்த மனுஷனும் அப்படிச் சோதனை பண்ண முடியாது, பண்ணவும் கூடாது. ஆனா 1348-ல் இயற்கையே பண்ணிடுச்சு.

அதுக்கு முந்தைய இங்கிலாந்து நிரம்பி வழிஞ்ச நாடு. 1300 வாக்கில் சுமார் 50 லட்சம் பேர். மேய்ச்சல் நிலத்தையும் மேட்டு நிலத்தையும்கூட உழுதுட்டாங்க. 1315-ல் விடாம பெஞ்ச மழையில பயிர் அழுகி, 1317 வரைக்கும் பெரும் பஞ்சம். 1348 கோடையில் தெற்குக் கடற்கரைத் துறைமுகம் வழியா பிளேக் வந்தது. ரெண்டே வருஷத்துல நாட்டுல மூணுல ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடைப்பட்ட ஜனம் செத்துப்போச்சு.

நிலம் அப்படியே இருக்கு. ஏர் இருக்கு, மாடு இருக்கு. உழ ஆள் இல்ல. அடுத்து என்ன நடக்கும்னு லூப்பைப் பார்த்து நீங்களே சொல்லிடலாம்: கூலி ஏறும். ஏறிச்சு. எந்த அளவுக்குன்னா, 1349-லயே மன்னர் மூன்றாம் எட்வர்ட் அவசர ஆணை போட்டார். 1351-ல் அது சட்டமாவே ஆச்சு: பிளேக்குக்கு முந்தைய கூலிக்கு மேல யாரும் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. 1363-ல் இன்னொரு சட்டம், வேலைக்காரங்க இவ்வளவு விலைக்கு மேல துணி உடுத்தக் கூடாது, இறைச்சி, மீன் எல்லாம் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான்னு. யோசிச்சுப் பாருங்க, சாப்பிடாதேன்னு சட்டம் போடுற அளவுக்கு அவங்க சாப்பிட ஆரம்பிச்சிருக்காங்க!

சட்டத்தால கூலியை ரொம்ப நாள் அமுக்கி வைக்க முடியல. நார்ஃபோக் பகுதியில செட்ஜ்ஃபோர்டுன்னு ஒரு பண்ணை. அங்க அறுவடை ஆட்களுக்குப் போட்ட சாப்பாட்டுக் கணக்கு இன்னிக்கும் இருக்கு. 13-ம் நூற்றாண்டுல முக்கிய உணவு பார்லி ரொட்டி, இறைச்சி பேருக்குத்தான். 1424-ல் கோதுமை ரொட்டி, தாராளமா இறைச்சி, பீர். பிளேக் 1361-ல், 1369-ல், அதுக்கப்புறமும் திரும்பத் திரும்ப வந்ததால ஜனத்தொகை 100 வருஷத்துக்கு மேல ஏறவே இல்ல. அதனால உண்மைக் கூலி ஏறிக்கிட்டே போய், 15-ம் நூற்றாண்டுல 1300-ல் இருந்ததைப் போல ஏறத்தாழ ரெண்டு மடங்கைத் தொட்டது.

நம்ம தாத்தா அந்தக் காலத்து ஆள். அப்புறம் பிளேக்கோட வேகம் குறைஞ்சது, ஜனம் ஏறிச்சு, கூலி விழுந்தது. பேரன் காலத்துல, 1590-கள்ல வரிசையா விளைச்சல் பொய்த்து மறுபடியும் பஞ்சம். ஏழைகளுக்கு உதவ 1598-லும் 1601-லும் தனிச் சட்டமே கொண்டு வர வேண்டியதாச்சு. முந்நூறு வருஷத்துல லூப் ஒரு முழுச் சுற்று சுத்தி முடிச்சிருந்தது.

இங்க ஒரு விஷயம் தெளிவா இருக்கணும். பிளேக் நல்லது பண்ணிச்சுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. பிழைச்சவங்க தட்டுல கூடின இறைச்சி, செத்தவங்க விட்டுப்போன நிலத்துல இருந்து வந்தது. சாவு கூடினாத்தான் வாழ்க்கைத்தரம் கூடும்னு இருந்த ஒரு அமைப்பை எப்படிச் சொன்னாலும் பொறின்னுதான் சொல்லணும்.

லூப் மட்டுமே விதி இல்ல

சரி, பிளேக் போன எல்லா ஊர்லயும் உழைக்கிறவங்க நிலை உயர்ந்ததா? இல்ல. கிழக்கு ஐரோப்பாவுல ஆள் பற்றாக்குறை இருந்த இடங்கள்ல நிலப்பிரபுக்கள் வேற வழி பிடிச்சாங்க: விவசாயி ஊரை விட்டுப் போகவே கூடாதுன்னு அடுத்தடுத்த நூற்றாண்டுகள்ல அவங்களை நிலத்தோட கட்டிப் போட்டாங்க. எகிப்துல நைல் கரைகளையும் வாய்க்கால்களையும் வருஷா வருஷம் தூர்வார ஆயிரக்கணக்கான கைகள் தேவை. ஆள் குறைஞ்சதும் பாசனமே சிதைய ஆரம்பிச்சது. இருந்த நிலத்தோட விளைச்சலும் போச்சு. அங்க ஜனம்தான் உள்கட்டமைப்பு.

டென்மார்க்கைச் சேர்ந்த எஸ்தர் போசெரப் 1965-ல் மால்தஸையே தலைகீழா நிறுத்தினார். ஜனம் நெருக்கும்போதுதான் மனுஷன் தரிசு விடுறதைக் குறைச்சு, எரு போட்டு, பாசனம் அமைச்சு அதே நிலத்துல அதிகம் எடுக்கிறான். அதனால ஜனப்பெருக்கமே புது உத்திகளைத் தூண்டும்னார். ரெண்டு பேரும் ஒரே கயிறோட ரெண்டு முனையைப் பிடிச்சிருக்காங்கன்னு வெச்சுக்கலாம். நெருக்கடி புது உத்தியைத் தரும். ஆனா அந்த உத்தி ஜனப்பெருக்கத்தை முந்துற வேகத்துல வரணும். பழைய உலகத்துல அந்தப் பந்தயத்துல பெரும்பாலும் ஜனம்தான் ஜெயிச்சது. அமெரிக்காவுல இருந்து வந்த உருளைக்கிழங்கையே எடுத்துக்கோங்க. 1700-க்கும் 1900-க்கும் இடையே பழைய உலகத்துல நடந்த மக்கள்தொகை வளர்ச்சியில நாலுல ஒரு பங்குக்கு அந்த ஒரு கிழங்குதான் காரணம்னு 2011-ல் வந்த ஒரு ஆய்வு மதிப்பிடுது.

செட் பாயின்ட்டும் எல்லா நாட்டுலயும் ஒண்ணு இல்ல. மேற்கு ஐரோப்பாவுல பெண்கள் சராசரியா 25 வயசுக்கு அப்புறம்தான் கல்யாணம் பண்ணாங்க. பத்துல ஒரு பங்கு பெண்களோ அதுக்கு மேலயோ கல்யாணமே பண்ணிக்கல. பிறப்பு விகிதம் கம்மியா இருந்தா, பிறப்பும் இறப்பும் சமமாகிற வருமானம் கொஞ்சம் மேல நிக்கும். கல்யாணத்தைத் தள்ளிப்போடுறதை மால்தஸ் ‘முன்தடை’ வகையில சேர்த்தார்; பஞ்சம், நோய், போர் எல்லாம் இன்னொரு வகை. முதல் வகை கூடினா ரெண்டாவது வகைக்கு வேலை குறையும்.

கயிறு அறுந்த இடம்

வேடிக்கை என்னன்னா, மால்தஸ் புத்தகம் எழுதின அந்தத் தலைமுறையிலதான் அவர் சொந்த ஊர்லயே பொறி உடைய ஆரம்பிச்சது. 1750-ல் சுமார் 58 லட்சமா இருந்த இங்கிலாந்து ஜனத்தொகை 1851-ல் 1 கோடியே 68 லட்சம். கிட்டத்தட்ட மூணு மடங்கு! பழைய விதிப்படி கூலி தரைமட்டமாகியிருக்கணும். பல பத்தாண்டுகள் தேங்கி நின்னுச்சே தவிர, அப்படி விழல. 19-ம் நூற்றாண்டோட நடுவுல இருந்து ஏறவே ஆரம்பிச்சது.

முதல் காரணம் நிலக்கரி. விறகுக்குக் காடு, வண்டிக்குக் குதிரை, குதிரைக்குத் தீனின்னு நிலத்தைத் தின்ன எல்லாத்துக்கும் பதிலா, பல கோடி வருஷத்துக்கு முந்தைய சூரிய ஒளியைப் பூமிக்கு அடியில இருந்து தோண்டினாங்க. அந்த வருஷத்து விளைச்சல்தான் எனர்ஜி பட்ஜெட் என்ற கட்டு உடைஞ்சது. கூடவே அமெரிக்க நிலங்கள்ல இருந்து பருத்தியும் தானியமும் கப்பல்ல வந்தது. அந்தப் பருத்தி அடிமைகள் உழைப்புல விளைஞ்சது என்பதையும் மறக்கக் கூடாது.

ரெண்டாவது மாற்றம் இன்னும் ஆழமானது. 1870-களுக்கு அப்புறம் இங்கிலாந்துல வருமானம் ஏற ஏறக் குழந்தைகள் எண்ணிக்கை குறைய ஆரம்பிச்சது. லூப்போட முதல் கண்ணி ஞாபகம் இருக்கா? அதோட குறியே பிளஸ்ல இருந்து மைனஸா மாறிடுச்சு. படிப்பு, பெண்களுக்கு வேலை, குழந்தை இறப்பு குறைஞ்சது எல்லாம் சேர்ந்த விளைவு. தமிழ்நாடும் இதே பாதையிலதான் வந்தது. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி இங்க ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. ஜனத்தொகை நிலையா இருக்கவே சுமார் 2.1 வேணும். ஆக, மால்தஸ் லூப்போட முதல் கண்ணி நம்ம வீடுகள்லயே அறுந்து போச்சு.

தாது வருஷம்

‘சரி, பழைய கதை. எனக்கு எதுக்கு?’ன்னு கேட்டா, பதில் நம்ம ஊர்லயே இருக்கு.

1805-ல் மால்தஸுக்கு ஒரு வேலை கிடைச்சது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் பயிற்றுவிக்க நடத்தின கல்லூரியில வரலாறும் பொருளாதாரமும் சொல்லித் தர்ற பேராசிரியர். 1834-ல் சாகுற வரைக்கும் அங்கதான். இந்தியாவை ஆள வந்தவங்கள்ல ஒரு தலைமுறையே அவர்கிட்ட படிச்சது. அவருக்கு அப்புறமும் அந்தச் சிந்தனை அதிகாரிகள் மனசுல ஊறியே இருந்தது.

1876-ல் பருவமழை பொய்த்தது. நம்ம தாத்தா பாட்டிகள் தாது வருஷப் பஞ்சம்னு சொல்வாங்களே, அதேதான். சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத்னு பரவின அந்தப் பஞ்சத்துல 50 லட்சத்துக்கும் மேல செத்தாங்க. அந்த நேரத்துலயும் இந்தியாவுல இருந்து தானிய ஏற்றுமதி நிக்கல. சந்தையில விலை ஏறிச்சு, கூலி இல்லாத ஜனம் வாங்க முடியாம செத்தது. வைஸ்ராய் லிட்டன், இந்திய ஜனம் நிலத்தோட விளைச்சலை விட வேகமா பெருகுற இயல்புடையதுன்னு விளக்கம் சொன்னார்.

1877-ல் அவர் செலவைக் குறைக்க அனுப்பி வெச்சது சர் ரிச்சர்ட் டெம்பிளை. மால்தஸ் ஒரு காலத்துல பாடம் நடத்தின அதே கல்லூரியில படிச்சவர். இத்தனைக்கும் 1874-ல் பீகார் பஞ்சத்துல பர்மாவுல இருந்து அரிசி இறக்கி ஏராளமான உயிரைக் காப்பாத்தினவரும் இவர்தான். ஆனா அப்போ பணத்தை வாரி இறைச்சுட்டார்னு கடுமையா திட்டு வாங்கினார். அதனாலயோ என்னவோ, சென்னையில நிவாரண வேலை செய்யிற ஒரு ஆணுக்கு நாளுக்கு 1 பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூட ஒரு அணா போதும்னு குறைச்சார். மண் சுமக்கிற ஆளுக்கு இது பத்தவே பத்தாதுன்னு மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் போராடினார். சென்னையில கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச காலத்து நிவாரண வேலையா வெட்டினதுதான். அடுத்த தடவை பறக்கும் ரயில்ல போகும்போது கீழே பாருங்க.

இப்போ கணக்கைச் சரி பாருங்க. 1871-ல் இருந்து 1911 வரைக்கும் இந்தியாவை விட இங்கிலாந்தோட ஜனத்தொகைதான் வேகமா வளர்ந்தது. அங்க யாரும் பஞ்சத்துல சாகல. ரயில், தந்தி, நீராவிக் கப்பல் எல்லாம் ஓடின காலம். பர்மாவுல இருந்து அரிசி கொண்டு வர முடியும்னு மூணு வருஷம் முன்னாடிதான் நிரூபிச்சாச்சு. ஆக 1877-ல் பத்தாமப் போனது நிலம் இல்ல. ஜனங்க கையில காசும் அரசுக்கு மனசும்தான். 1300-க்குப் பொருந்தின மாடலை 1877-ல் போட்டுப் பார்த்து, ‘இது இயற்கை விதி, நாம ஒண்ணும் பண்ண முடியாது’ன்னு கை கழுவினாங்க.

கடைசியா

ஒவ்வொரு ஃபார்முலாவுக்கும் அது செல்லுபடியாகிற எல்லை உண்டு. எலாஸ்டிக் லிமிட் தாண்டின கம்பியில ஹூக் விதியைப் போட்டா என்ன மார்க் கிடைக்கும்னு நமக்குத் தெரியும். மால்தஸ் மாடலும் அப்படித்தான். நிலம் மட்டுமே சோறு போட்ட, முன்னேற்றம் மெதுவா வந்த, வசதி கூடினா குழந்தை கூடின உலகத்துக்கு அது அருமையா பொருந்தும். அந்த மூணு நிபந்தனையும் இல்லாத இடத்துல அது வெறும் சாக்கு.

‘இந்தியாவோட எல்லாப் பிரச்சினைக்கும் ஜனத்தொகைதான் காரணம்’னு ஹாஸ்டல் ரூம்லயோ வாட்ஸ்அப் குரூப்லயோ யாராவது அடிச்சு விட்டா, சண்டை போட வேண்டாம். மூணே மூணு கேள்வி கேளுங்க. இங்க பத்தாம இருக்கிறது எது, நிலமா, வேலையா, அதைக் கொண்டு சேர்க்கிற ஏற்பாடா? அது நீளவே நீளாத ஒண்ணா? வருமானம் கூடினா இங்க குழந்தை கூடுதா, குறையுதா? இதுக்குப் பதில் தேடினாலே பாதி விவாதம் தீர்ந்துடும். மீதிப் பாதிக்கு டீ சொல்லிக்கலாம்.